நன்றி, பேருந்துக் காசுக்கு

இருளர் சிறுமிகளின் கையில் "நன்றி" அட்டையைக் கொடுத்துப் படம் எடுப்பதை நிறுத்துவோம், தோழர்களே. படிப்பு அவர்கள் உரிமை. அவர்கள் யாருக்கும் கடன்படவில்லை. நன்றி நாம் சொல்ல வேண்டியது. அதுவும் எல்லா நன்கொடையாளர்களுக்கும் இல்லை.

பழங்குடிச் சான்றிதழ் இல்லாமல் கல்லூரியில் இடஒதுக்கீடு கிடைக்காது. அதற்காக ஒரு மாணவியைக் கூட்டிக்கொண்டு கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நான்காம் முறையாக அலைகிறாரே களப்பணியாளர் அக்கா, அவருடைய சம்பளத்தையும் பேருந்துக் காசையும் கொடுப்பவர்களுக்குத்தான் என் நன்றி. அதற்குத் திறப்பு விழா கிடையாது, கல்வெட்டும் கிடையாது.

வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. வாங்கிய நிதியை ஊர்ச் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கவும் தடை போட்டது. அதன் பிறகு உள்ளூரில் மாதம் நூறு, இருநூறு அனுப்புகிறவர்களின் பணத்துக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

அவர்களுக்குப் படம் வேண்டாம். எத்தனை சான்றிதழ் கைக்கு வந்தது, எத்தனை இன்னும் இழுத்தடிக்கப்படுகிறது என்ற கணக்கை அனுப்புங்கள்.