கொரியன் கத்துக்கப் புத்தகம் வாங்கப் போறீங்களா? அது யாருக்காக எழுதப்பட்டதுன்னு முதல்ல பாருங்க!

கே-டிராமா பார்த்து ஆசைப்பட்டவர்கள் ஒருபக்கம், பி.டி.எஸ் பாட்டுக்கு அர்த்தம் தெரிஞ்சே ஆகணும் என்பவர்கள் ஒருபக்கம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் இன்னொரு பக்கம். கொரியன் கற்க நம் ஊரில் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆசையாக ஆர்டர் போட்ட புத்தகத்தை மூன்றாவது பாடத்தோடு அலமாரியில் சொருகியவர்களுக்கும் பஞ்சமில்லை. 'நமக்கெல்லாம் இது வராதுப்பா' என்று அவர்களே தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். ஆனால், அந்தப் புத்தகம் தமிழ் பேசுகிறவரை மனதில் வைத்து எழுதப்பட்டதா என்று யாரும் கேட்பதில்லை.

கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. அவர்களுக்கு எது கஷ்டமோ, அதற்குத்தான் பக்கம் பக்கமாக விளக்கம். 'வினைச்சொல் கடைசியில் வரும்', 'பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டு சேரும்' என்றெல்லாம் அட்டவணை போட்டு பயமுறுத்துவார்கள். 'நானுன் ஹக்யோஏ காயோ' என்றால் 'நான் பள்ளிக்கூடத்துக்குப் போறேன்'. வார்த்தைக்கு வார்த்தை அதே வரிசை. நாமாவது போறேன், போறான், போறாங்க என்று ஆளுக்கு ஏற்ப மாற்றுவோம். கொரியனில் எல்லோருக்கும் 'காயோ'தான். பெரியவர்களுக்கு மட்டும் மரியாதை சேர்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்று கேளுங்கள். 'மொகோ பொசேயோ' என்றால் 'சாப்பிட்டுப் பாருங்க'. சாப்பாட்டை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. நாம் சொல்வது போலவே அவர்களும் 'முயற்சி செய்' என்ற அர்த்தத்தில் 'பார்' சேர்க்கிறார்கள். 'சாப்பிட்டுவிட்டேன்' என்பதில் வரும் 'விட்டேன்' போலவும் ஒரு துணைவினை உண்டு. ஆங்கிலப் புத்தகத்தில் இவை தனித்தனிப் பாடங்கள். நமக்கு ஒரு வரி போதும்.

(உடனே 'கொரியனுக்குத் தாய்மொழி தமிழ்தான்' என்று குடும்ப குரூப்பில் ஃபார்வர்டு பண்ணிவிட வேண்டாம். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டார். ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை.)

அப்படியானால் நமக்கு எது கஷ்டம்? 'உன்/நுன்', 'இ/கா' என்று இரண்டு ஜோடி ஒட்டுகள் இருக்கின்றன. 'நான் டாக்டர்' என்று அறிமுகம் செய்துகொள்ளும்போது ஒன்று. 'இங்கே யார் டாக்டர்?' என்று கேட்டதற்கு 'நான்தான் டாக்டர்' என்னும்போது இன்னொன்று. புத்தகக் கடையிலோ, ஆன்லைன் மாதிரிப் பக்கங்களிலோ இந்தப் பாடத்தைத் தேடிப் படியுங்கள். கேள்வி பதில், உதாரணம், பயிற்சியோடு விளக்கியிருந்தால் வாங்கலாம். 'இரண்டும் எழுவாய்க்கு வரும்' என்று ஒரே வரியில் தாண்டியிருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள். அடுத்து எண்கள். மணிக்கு ஒரு வகை எண், நிமிடத்துக்கு வேறு வகை எண். மூன்றரை மணி என்றால் 'செ ஷி சம்ஷிப் புன்'. முதல் மூன்று 'செ', முப்பதில் வரும் மூன்று 'சம்'. இதற்கு விளக்கத்தைவிடப் பயிற்சிதான் முக்கியம். தனியாகப் படிக்கிறீர்கள் என்றால், பயிற்சிகளுக்கு விடை இருக்கிறதா என்று கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

சரி, தமிழ் எழுத்திலேயே கொரியன் சொல்லித்தரும் புத்தகம் வாங்கலாமா? இந்தக் கட்டுரையில் நானே அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ருசி காட்ட அது போதும், படிக்கப் போதாது. நிலா, முகமூடி, மகள் ஆகிய மூன்றுக்கும் கொரியனில் மூன்று வேறு சொற்கள். தமிழில் எழுதினால் மூன்றுமே 'தல்'. தொடக்க எழுத்தை மெல்லச் சொல்வது, மூச்சுவிட்டுச் சொல்வது, அழுத்திச் சொல்வது என்ற வித்தியாசம் நம் எழுத்தில் பிடிபடாது. ஆங்கில எழுத்திலும் சிக்கல்தான். ஒரே ஊரை பழைய புத்தகம் 'Pusan' என்றும், 2000-க்குப் பிந்தைய முறை 'Busan' என்றும் எழுதும்.

மன்னர் செஜோங் 1443-ல் உருவாக்கி, 1446-ல் வெளியிட்ட ஹங்குல் எழுத்தில் அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே. நமக்கு இதிலும் சலுகை உண்டு. 'கடல்' என்பதில் ஒருவிதமாகவும் 'பங்கு' என்பதில் வேறுவிதமாகவும் ஒரே 'க'வை ஒலிக்கிறோம் அல்லவா? ஹங்குலிலும் ஒரே எழுத்து, வரும் இடத்தைப் பொறுத்து இப்படி மாறி ஒலிக்கும். 'பாட்டு', 'காது' என்று உதட்டைக் குவிக்காமல் முடிக்கும் நம் குற்றியலுகரம்கூட அங்கே ஓர் உயிரெழுத்து! எனவே, முதல் சில பாடங்களுக்குள் ஆங்கில எழுத்தைக் கைவிட்டு முழுக்க ஹங்குலுக்கு மாறும் புத்தகமாகப் பாருங்கள். ஆடியோவும் கட்டாயம் இருக்க வேண்டும்.

இனி பெயர்களுக்கு வருவோம். யோன்செ, சொகாங், சியோல் தேசியப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் வரிசைகள் பிரபலமானவை, தரமானவை. ஆனால் அவை வகுப்பறைக்கானவை. அங்கே ஒரு நிலையை முடிக்க 10 வாரம், சுமார் 200 மணி நேரம் வகுப்பு நடக்கும். வேலை முடிந்து வந்து தினம் அரை மணி நேரம் உட்காருபவருக்கு அதுவே 400 நாள்! பேசுவதுதான் முக்கியம், சொல்லித்தர ஆளும் இருக்கிறார் என்றால் சொகாங் நல்ல தேர்வு. ஹவாய் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் 'இன்டகிரேட்டட் கொரியன்' இலக்கணத்தை விரிவாக விளக்கும். கல்லூரிப் பாடப்புத்தக வாசனை பிடித்தவர்களுக்கு ஓகே. முழுக்கத் தனியாகப் படிப்பவர்களுக்கு என் ஓட்டு 'டாக் டு மீ இன் கொரியன்' வரிசைக்கு. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போன்ற நடை. சென்னை இன்கோ மையம் போன்ற இடத்தில் வகுப்பில் சேரும் யோசனை இருந்தால், இப்போதே எதையும் வாங்காதீர்கள். அவர்கள் சொல்லும் புத்தகத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

தேர்வுக்காகப் படிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 'டோபிக் 1' என்பது 200 மதிப்பெண்ணுக்கானது. 80 எடுத்தால் முதல் நிலை, 140 எடுத்தால் இரண்டாம் நிலை. கேட்பதும் வாசிப்பதும் மட்டும்தான். எழுதுவது 'டோபிக் 2'-ல் வரும். 'ஈ.பி.எஸ்-டோபிக்' என்பது வேறு தேர்வு. கொரியாவில் தொழிலாளர் வேலைக்குச் செல்பவர்களுக்கானது, அதற்குப் பாடநூலும் தனி. இலங்கையிலிருந்து இதைப் படிக்கும் வாசகர்கள் அந்த வழியில் போகிறீர்கள் என்றால் அந்தப் பாடநூலைத்தான் வாங்க வேண்டும். இந்தியா அந்தத் திட்டத்தில் இல்லை. 'இந்தப் புத்தகம், இந்தக் கோர்ஸ், நேரே கொரியாவில் ஃபேக்டரி வேலை' என்று நம் ஊரில் யாராவது ஈ.பி.எஸ் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இறக்குமதிப் புத்தகங்களின் விலையைப் பார்த்துவிட்டு பழைய புத்தகம் தேடுவது நியாயம்தான். பாடப்புத்தகம் பழசாக இருந்தால் பாதகமில்லை, யாராவது பென்சிலில் விடை எழுதி வைத்திருந்தால் அழிப்பான் போதும். டோபிக் பயிற்சிப் புத்தகம் என்றால் மட்டும் ஆண்டைப் பாருங்கள். 2014-ல் தேர்வு முறையே மாறிவிட்டது. அதற்கு முந்தையது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.