காற்றை இழக்கும் கோள்கள்

ஞாயிற்றைச் சுற்றுவனவே கோள்கள் எனக் கற்று வளர்ந்தவர் நம்முள் பலர். 1995ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து அறிஞர்களான மிசெல் மேயரும் திதியே கெலோவும், ஞாயிற்றை ஒத்த வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளைக் கண்டறிந்தனர். அதன்பின் அறியப்பட்ட புறக்கோள்கள் பல்லாயிரம். அவற்றுள் ஒன்று தன் விண்மீனிலிருந்து அளவான தொலைவில் இருந்துவிட்டால் போதும். 'இன்னொரு பூமி' என்று செய்தித்தாள்கள் தலைப்பிட்டு விடுகின்றன. இவ்வார்ப்பரிப்பை நாம் ஏற்பதற்கில்லை. கோளின் தொலைவை வினவுமுன், அது தன் காற்றைக் காத்துக்கொண்டுள்ளதா என்று வினவுதல் வேண்டும்.

விண்மீனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் கோளின் வளிமண்டல மேலடுக்கைச் சூடாக்குகின்றன. சூடேறிய அடுக்கு விரிந்து உயர்கிறது. உயர உயர ஈர்ப்பின் பிடி தளர்கிறது. எடை குறைந்த ஹைட்ரஜன் எளிதில் வெளியேறுகிறது. உலைநீர் கொதித்து ஆவியாவதை இதற்கு உவமையாக்கலாம். ஆயின் உலைக்கு நெருப்பு அடியில், இங்கோ மேலே.

இது வெறுங் கணக்கன்று, கண்டறிந்த உண்மை. எச்.டி. 209458 பி என்னும் கோள் மூன்றரை நாளுக்கு ஒருமுறை தன் விண்மீனைச் சுற்றுகிறது. அது விண்மீனின் குறுக்கே செல்லும்போது கண்ணுறு ஒளியில் மறைப்பது ஏறத்தாழ 1.5 விழுக்காடே. 2003இல் விதால்-மத்ஜார் குழுவினர் ஹபிள் தொலைநோக்கியைக் கொண்டு, ஹைட்ரஜனுக்குரிய லைமன் ஆல்ஃபா என்னும் புறஊதா ஒளியில் அதே காட்சியை நோக்கினர். மறைப்பு 15 விழுக்காடாக இருந்தது! கோளின் உடல் ஓர் ஒளியில் சிறுத்தும் மற்றொன்றில் பெருத்தும் இராது. மிகுதியை மறைத்தது, கோளைச் சூழ்ந்து விண்வெளிக்குக் கசியும் ஹைட்ரஜனே. நொடிக்குக் குறைந்தது பத்தாயிரம் டன் வெளியேறுவதாக அவர்கள் மதிப்பிட்டனர். வியாழனை ஒத்த அப்பெருங்கோளுக்கு இது பெரிய இழப்பன்று. 2015இல் ஆராயப்பட்ட ஜி.ஜே. 436 பி நெப்டியூன் அளவினது. அது கண்ணுறு ஒளியில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக மறைக்க, அதன் ஹைட்ரஜன் முகில் லைமன் ஆல்ஃபாவில் 56 விழுக்காட்டை மறைத்தது. வால்மீன் போல் அம்முகில் கோளின் பின்னே நீண்டு கிடக்கிறது.

பெருங்கோள்கள் தாங்கும் இழப்பைச் சிறுகோள்கள் தாங்குமா? 2017ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் டிராப்பிஸ்ட்-1 என்னும் செங்குறு விண்மீனைச் சுற்றிப் பூமியளவில் ஏழு கோள்கள் உள்ளன என்னும் செய்தி உலகெங்கும் பரவியது. இவ்வகை விண்மீன்கள் மங்கலானவை. எனினும் கடுங்கதிர்களை அடிக்கடி வீசுபவை. 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அளந்தபோது, முதற்கோளில் குறிப்பிடத்தக்க காற்று இருப்பதற்கான அடையாளமே இல்லை. இரண்டாம் கோளில் அடர்ந்த கரியமிலவாயு மண்டலமும் இல்லை. தலைப்பிட்ட வேகத்தில் இச்செய்தியை எத்தனை இதழ்கள் எடுத்துரைத்தன?

இதில் தமிழ் பயில்வோராகிய நமக்கும் ஒரு பங்குண்டு. அளவான தொலைவை 'வாழ்தகு மண்டலம்' என்று எழுதி வருகிறோம். தக்க காற்றும் இருந்தால், நிலப்பரப்பில் நீர் நீராகவே நிற்கலாம் என்பதற்கு மேல் அத்தொலைவு எதையும் கூறவில்லை. 'வாழ்தகு' என்ற அடையோ குடியேறவே அழைக்கிறது. அறிவியல் 'கூடும்' என்றதைச் சொல் 'உண்டு' என்று ஆக்குவது மொழிக்கும் அழகன்று. 'நீர்தகு எல்லை' என்று வழங்கினால் என்ன? இதனினும் நல்ல சொல் தருவார் இருப்பின் மகிழ்வோம்.

கணக்கீடுகள் பலவற்றின்படி செவ்வாயும் இவ்வெல்லையின் வெளியோரத்தில்தான் உள்ளது. அங்குள்ள காற்றழுத்தம் பூமியினதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 2014இல் செவ்வாயை அடைந்த மேவன் விண்கலத்தின் அளவீடுகளைக் கொண்டு, அக்கோளின் வளிமண்டலத்தில் இருந்த ஆர்கான் வளியில் ஏறத்தாழ 65 விழுக்காடு விண்வெளிக்குப் போய்விட்டது என்று 2017இல் அறிவித்தனர்.