இதழாசிரியர் மாறும்போது கேட்க வேண்டியது

பல்கலைக்கழக மானியக் குழு 2025 பிப்ரவரியில் ஆய்விதழ்களுக்கான 'கேர்' பட்டியலைக் கைவிட்டது. ஓர் ஆய்விதழின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும், பதவி உயர்வுக்கான மதிப்பெண் கிடைத்துவிடும் என்ற காலம் முடிந்தது. அதற்கும் முந்தைய பட்டியலிலிருந்து 2018-இல் ஒரே அடியாக 4,305 இதழ்கள் நீக்கப்பட்டதை நினைத்தால், பட்டியல் என்பதே எவ்வளவு நம்பகமான காவலாக இருந்தது என்பது விளங்கும். இப்போது குழு சில அளவுகோல்களைப் பரிந்துரைத்துவிட்டு, தரம் பார்க்கும் வேலையைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டிருக்கிறது. காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகமானாலும் திண்டுக்கல் நகரக் கல்லூரிகளின் வணிகவியல் துறைகளானாலும் இனி தாமே முடிவெடுத்தாக வேண்டும். ஒரு வணிக, மேலாண்மை ஆய்விதழை எடைபோட முதலில் பார்க்க வேண்டியது அதன் ஆசிரியர் எப்படி நியமிக்கப்பட்டார், எத்தனை ஆண்டுக்கு, யாருக்குப் பதில் சொல்பவர் என்பதையே என்பது நம் நிலைப்பாடு. புதிய ஆசிரியர்கள் பொறுப்பேற்கும் செய்தியை வாழ்த்துக் குறிப்பாகப் படித்துவிட்டுத் தாண்டிப்போவது தவறு.

மும்பையின் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யின் வரலாறு இதற்குத் தக்க சான்று. சச்சின் சௌதுரி 1949-இல் தொடங்கிய 'எகனாமிக் வீக்லி' 1966-இல் இந்தப் பெயரில் மறுபிறவி எடுத்தது. 1969-இல் பொறுப்பேற்ற கிருஷ்ண ராஜ், 2004 ஜனவரியில் இறக்கும்வரை ஆசிரியராகவே இருந்தார். அவருக்குப் பின் சி. ராம்மனோகர் ரெட்டி 2016 வரை நடத்தினார். அடுத்து வந்த பரஞ்சோய் குஹா தாகுர்தா ஓராண்டு சொச்சமே நீடித்தார். அதானி குழுமம் பற்றிய கட்டுரைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. இதழை நடத்தும் சமீக்ஷா அறக்கட்டளை கட்டுரையை நீக்கச் சொன்னது. 2017 ஜூலையில் அவர் விலகினார். அறக்கட்டளையைக் கலந்தாலோசிக்காமல் நோட்டீசுக்குப் பதில் அனுப்பியது தவறு என்று அவர்கள் தரப்பு சொன்னது. அந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் ஆசிரியரின் அதிகாரம் எங்கே முடிகிறது, உரிமையாளரின் அதிகாரம் எங்கே தொடங்குகிறது என்பது முன்கூட்டியே எழுதி எல்லோருக்கும் தெரிய வைக்கப்பட்டிருந்தால், அது தகராறு முற்றிய பிறகு பேச வேண்டிய விஷயமாகியிருக்காது.

முப்பத்தைந்து ஆண்டு ஒரே ஆளிடம் இருந்ததால்தானே அந்த இதழுக்கு அந்தப் பெயர் வந்தது, ஆசிரியர் பதவிக்குத் தவணைக் காலம் வைத்தால் அனுபவம் வீணாகாதா என்று கேட்பார்கள். கிருஷ்ண ராஜின் உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அவரைப் போன்றவர் எப்போதாவது ஒருவர்தான் கிடைப்பார் என்பதாலேயே விதி தேவைப்படுகிறது. நீண்டகாலம் ஒரே நாற்காலியில் இருக்கும் சாதாரண ஆசிரியர் கேட்டுப் பழகிய குரல்களையே மறுபடியும் கேட்கிறார். தன் மாணவர்களையும் நண்பர்களையும் மதிப்பீட்டாளர்களாக அமர்த்துகிறார். கெட்ட எண்ணம் இல்லாமலேயே இது நடந்துவிடும். இன்னொன்று: ஆசிரியர் குழு வெறும் அலங்காரமல்ல. 2023-இல் 'நியூரோஇமேஜ்' இதழின் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், அதன் பதிப்பகமான எல்சவியர் ஒரு கட்டுரைக்கு வாங்கிய 3,450 டாலர் கட்டணம் அநியாயம் என்று சொல்லிக் கூட்டமாக விலகி வேறு இதழ் தொடங்கினார்கள். பெயர் பதிப்பகத்திடம் இருந்தாலும் மதிப்பு யாரிடம் இருந்தது என்பது தெரிந்துபோனது.

இதெல்லாம் திண்டுக்கல்லுக்கு எதற்கு? எந்தத் தொழில் ஆய்வுக்குரியது என்று தீர்மானிப்பதும் இதழாசிரியரின் நாற்காலிதான். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பூட்டுப் பட்டறைகள் அலிகார் சரக்கோடு விலையில் போட்டியிட முடியாமல் மெலிந்துகொண்டே வந்திருக்கின்றன. குறியீடு விற்பனையை உயர்த்தியதா, உயர்த்தியிருந்தால் லாபம் பட்டறைக்காரருக்கா கடைக்காரருக்கா? ஒட்டன்சத்திரம் கமிஷன் மண்டியிலிருந்து கேரளத்துக்குப் போகும் காய்கறியின் விலையை உண்மையில் நிர்ணயிப்பது யார்? சின்னாளபட்டி சுங்குடி நெசவாளருக்குக் கடன் எந்த வழியில் வருகிறது? நல்ல மேலாண்மை ஆய்வுக்கு இவற்றைவிட வளமான கேள்விகள் அரிது. இப்படிப்பட்ட கட்டுரைகளை வெளிநாட்டவர் மேற்கோள் காட்டமாட்டார்கள், இதழின் தரவரிசை இறங்கும் என்பது ஆசிரியர்களின் அச்சம். மேற்கோள் எண்ணிக்கை கேள்வியின் கனத்தை அளப்பதில்லை. அந்தக் கேள்வியை ஏற்கெனவே எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதையே அளக்கிறது. பட்டறையில் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதியதையும், இருநூறு மாணவரிடம் வினாத்தாள் நிரப்பி வாங்கியதையும் ஒரே தராசில் வைக்கும் ஆசிரியரை மாற்றத்தான் வேண்டும்.

சம்பளமில்லாமல் இரவில் கண்விழித்துச் செய்யும் வேலைக்கு இத்தனை நிபந்தனையா என்று சலித்துக்கொள்வது இயல்பு. அப்படியானால் நடத்தும் நிறுவனம் பாட வேளையைக் குறைத்துக் கொடுக்கட்டும். பதிலுக்கு, புதிய ஆசிரியர் தம் தவணைக் காலம், நியமனம் நடந்த முறை, கட்டுரையாளரிடம் வாங்கும் கட்டணம், கடந்த ஆண்டு வந்தவை எத்தனை, ஏற்றவை எத்தனை, குழுவினரின் சொந்தக் கட்டுரைகள் எத்தனை என்பதை முதல் இதழிலேயே அச்சிட வேண்டும். இந்த விவரங்கள் இல்லாத இதழில் வந்த கட்டுரைக்குப் பதவி உயர்வு மதிப்பெண் கிடையாது என்று நம் மாவட்டக் கல்லூரிகளின் தேர்வுக் குழுக்கள் இந்தக் கல்வியாண்டிலேயே தீர்மானம் போடலாம். அதற்குத் தில்லியின் உத்தரவு தேவையில்லை.