எவ்வளவு ஆழம்? பார்த்துவிட்டு வெட்டுங்கள்!

அம்மாவுக்கு 58 வயசு. மாதவிலக்கு நின்று ஏழெட்டு வருஷம் ஆச்சு. திடீரென்று மறுபடி ரத்தம் படுகிறது. சொல்லக் கூச்சம்! பெற்ற மகளிடம்கூட ஆறு மாசம் மூச்சு விடுவதில்லை. விஷயம் வெளியே வந்ததும் வீட்டில் எல்லாருக்கும் அவசரம். "கர்ப்பப்பையை எடுத்துடுங்க டாக்டர், தொல்லை விட்டது!"

அங்கேதான் தப்பு நடக்கிறது.

இப்படி ரத்தம் பட்டால் எல்லாமே புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் வேறு காரணம்தான். ஆனால், உள்சவ்வில் துளி எடுத்து 'பயாப்சி' பார்க்காமல் கத்தியைத் தொடக் கூடாது.

புற்று என்று தெரிந்துவிட்டதா? அடுத்த கேள்வி, எவ்வளவு ஆழம்? சவ்வில் முளைத்த புற்று, கர்ப்பப்பையின் தசைச் சுவரில் பாதிக்குள் நிற்கிறதா, தாண்டிவிட்டதா? கர்ப்பப்பை வாய்க்கு இறங்கிவிட்டதா? இதைப் பொறுத்து ஆபரேஷனே மாறும். மேலோட்டமாக இருந்தால் கர்ப்பப்பை, கருக்குழாய், சினைப்பையோடு முடியலாம். ஆழம் போயிருந்தால் இடுப்புக்குள் உள்ள நெறிக்கட்டிகளையும் எடுத்துப் பார்க்க வேண்டி வரும். அதற்குக் கை பழகிய சர்ஜன் வேண்டும். அரைகுறையாக வெட்டிவிட்டு, பிறகு ரிப்போர்ட்டைப் பார்த்துத் தலையில் கை வைத்தால், அந்த அம்மாவை மறுபடி மேசையில் கிடத்துவதா?

இந்த ஆழத்தை முன்கூட்டியே காட்டுவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். காந்த சக்தியில் எடுக்கிற படம். எக்ஸ்-ரே கதிர் கிடையாது. இந்த விஷயத்தில் சி.டி. ஸ்கேனைவிட இதுதான் கெட்டி. அசையாமல் படுக்கணும். தடதடவென்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம். 'பேஸ்மேக்கர்' வைத்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடணும். நகை எதுவும் கூடாது. தாலியைக் கழற்ற மாட்டேன் என்று ஸ்கேன் வாசலில் அழுகிற தாய்மார்கள் உண்டு. முந்தின நாளே மஞ்சள் கயிற்றுக்கு மாறிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது!

படமும் சில சமயம் ஏமாற்றும். நார்க்கட்டி இருந்தால் ஆழம் தப்பாகத் தெரியலாம். அதனால்தான், எடுத்த உறுப்பை மைக்ராஸ்கோப்பில் பார்த்தே நோயின் நிலையை முடிவு செய்கிறார்கள். சர்வதேச மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 1988-ல் வகுத்த முறை இது. அதற்காக முன்னால் பார்க்காமலே வெட்டலாம் என்று ஆகுமா?

ஸ்கேனுக்காக நாலைந்து நாள் போனால் குடி முழுகிவிடாது. மறைத்து வைத்த ஆறு மாசம்தான் பெரிய நஷ்டம். எம்.ஆர்.ஐ. இல்லாத ஊரில், அனுபவப்பட்டவர் பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் அல்ட்ரா சவுண்டு ஸ்கேனும் ஓரளவு சொல்லும். பயாப்சியும் இல்லை, படமும் இல்லை, "நாளைக்கே அட்மிஷன் போடுங்க" என்கிறார்களா? இருக்கிற சீட்டுகளை வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுங்கள்.