வெய்யிலில் ஓடும் படகு

டீசல் யந்திரம் இன்றி மோட்டார் படகில் நாள் தவறாமல் பிரயாணிகளை ஏற்றிச் செல்ல இயலாது என்னும் வாதம் இன்னும் நம்மிடையே உலவி வருகிறது. அவ்வாறு வாதிப்போர் ஒருமுறை வைக்கத்துக்குப் போய் வருவது நலம். 1924-ம் வருஷத்துச் சத்தியாக்கிரகத்தால் தமிழர் நன்கறிந்த அதே வைக்கந்தான். அங்கிருந்து வேம்பநாட்டுக் காயலைக் கடந்து தவணக்கடவுக்குச் செல்ல, 2017 ஜனவரியில் கேரள சர்க்காரின் நீர்ப்போக்குவரத்து இலாகா 'ஆதித்யா' என்ற படகை விட்டது. 75 பேர் ஏறலாம். கூரைமேல் பரப்பிய 20 கிலோவாட் சூரியத் தகடுகள் மின்சாரம் தருகின்றன. 50 யூனிட் கொள்ளும் பாட்டரிகள் அதைச் சேமிக்கின்றன. தலைக்கு 20 கிலோவாட் உள்ள இரண்டு மோட்டார்கள் படகைத் தள்ளுகின்றன.

இவ்வளவு சிறிய மோட்டார் எப்படிப் போதும்? நீரில் வேகத்தை இரு மடங்காக்கினால் வேண்டிய சக்தி ஏறக்குறைய எட்டு மடங்காகிவிடும். மெதுவாகச் செல்லும் படகுக்கு, அதிலும் ஒடுக்கமான இரண்டு அடித்தட்டுகளை இணைத்துக் கட்டியதற்கு, அற்ப சக்தியே போதும்.

இது நேற்று முளைத்த மோகமும் அன்று. ருஷியாவில் யாக்கோபி என்னும் விஞ்ஞானி 1838-லேயே நேவா நதியில் பாட்டரியால் படகோட்டினார். ஜெர்மனியில் டைம்லர் பெட்ரோல் படகை நெக்கர் நதியில் விட்டது 1886-ல்தான். மூத்தது மின்சாரமே, பாட்டரியின் பாரம் அதைப் பின்னுக்குத் தள்ளிற்று.

அந்தப் பாரம் இன்றும் முற்றும் நீங்கவில்லை. ஒரு கிலோ டீசலில் சுமார் 12 யூனிட் சக்தி அடங்கியிருக்கிறது. ஒரு கிலோ லித்தியம் பாட்டரியிலோ கால் யூனிட்டும் கிடைப்பது அரிது. டீசலில் பெரும்பகுதி வெப்பமாய் வீணாகிறதென்றாலும் வித்தியாசம் பெரிதே. ஆதலால், பல நாள் ஆழ்கடலில் தங்கும் விசைப்படகுக்காரரை நோக்கிப் பாட்டரிக்கு மாறுங்கள் என்பது அறியாமை. அவர்களுடைய டீசல் சலுகையில் கை வைக்க இதை ஒரு சாக்காக எவரும் கொள்ளலாகாது.

குறுகிய துறைகளின் சங்கதி வேறு. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறை கரையிலிருந்து சுமார் அரைக் கிலோமீட்டர். சென்னை சர்க்காரின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் பல்லாண்டுகளாக டீசல் படகுகளைக் கொண்டே அங்கே பிரயாணிகளை ஏற்றி வந்திருக்கிறது. அலைகடல் காயலைப் போன்றதன்று. உறுதியான உடலும் வலிய மோட்டாரும் வேண்டும். கரையில் மின்சாரம் ஏற்றிக்கொள்ள வசதி வேண்டும். கட்டுவோர் இல்லை என்று சொல்ல இடமில்லை. 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோவின் மின்சாரப் படகுகள் கொச்சிக் கப்பல் கட்டும் தளத்திலேயே உருவானவை.

முதல் விலை அதிகம் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். இருக்கட்டும். குமரித் துறையில் பத்து வருஷத்துக்கு டீசலுக்கும் யந்திரப் பழுதுக்கும் ஆகும் செலவை ஒரு பக்கமும், மின்சாரப் படகின் விலையையும் பாட்டரி மாற்றும் செலவையும் மறுபக்கமும் எழுதி, அந்தக் கணக்கைச் சட்டசபையின் முன் வைக்கட்டும்.