கீறலுக்கு ஒரு கருவி தேவையா?

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. கீறல் விழுந்த குறுந்தகடுகளை வீட்டிலேயே செப்பனிடும் சிறு கருவிகளை எண்ணும்போதெல்லாம் இப்பழமொழியே என் நினைவுக்கு வருகிறது.

குறுந்தகட்டின் காலம் மலையேறிவிட்டதே, இப்போது இக்கேள்வி எதற்கு என்று நண்பர்கள் நகைக்கலாம். பூந்தமல்லியை அடுத்த எங்கள் சென்னீர்குப்பத்தில் பீரோக்களின் அடித்தட்டைத் திறந்து பார்த்தால் உண்மை விளங்கும். 2000-க்குப் பின் நடந்த எத்தனையோ திருமணங்களும் காதுகுத்துகளும் மஞ்சள் நீராட்டு விழாக்களும் அங்கே தகடுகளாய் உறங்குகின்றன. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "நீதான் பி.எஸ்ஸி. படிக்கிறியே, இதை வாங்கலாமா சொல்லுப்பா" என்று கேட்கும் தெருவினருக்கு அறிவியல் முறையில் விடை கூறுவது என் கடமையன்றோ?

1982-ஆம் ஆண்டு சோனி, பிலிப்ஸ் நிறுவனங்களின் கூட்டு முயற்சியால் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, 12 செ.மீ. விட்டமும் 1.2 மி.மீ. கனமும் உடையது. அடிப்புறம் பாலிகார்பனேட் என்னும் தெளிந்த பிளாஸ்டிக். செய்தியைத் தாங்கும் நுண்குழிகள் மேலே, பெயர் அச்சிட்ட பக்கத்தை ஒட்டி உள்ளன. லேசர் கதிர் அடிப்புறத்தில் நுழையும்போது ஏறத்தாழ 0.8 மி.மீ. அகலமாயிருந்து, குழிகளை அடையும்போது நுண்புள்ளியாகக் குவிகிறது. மூக்குக்கண்ணாடியில் படிந்த தூசி நம் பார்வையைத் தடுக்காதது போல, சிறு கீறல்கள் லேசரைத் தடுப்பதில்லை. அதையும் மீறிச் செய்தி விடுபட்டால், ரீட்-சாலமன் என்னும் கணித முறை, இருப்பதைக் கொண்டு இழந்ததைக் கணக்கிட்டு நிரப்புகிறது. தடத்தின் நெடுகிலும் சுமார் 2.5 மி.மீ. வரையுள்ள இழப்பை அது முழுமையாக ஈடுசெய்யும்.

அப்படியாயின் கருவி செய்வதென்ன? கீறலை அது நிரப்புவதில்லை. சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை ஒரு சக்கரத்தால் தேய்த்துச் சமன் செய்கிறது. பற்பசையால் தேய்ப்போர் செய்வதும் இதே வேலைதான், ஆனால் முறையின்றி. அடிப்புறத்தில் ஆழமில்லாத கீறலானால் பலன் உண்டு, மறுப்பதற்கில்லை. குறுந்தகட்டின் மேற்புறம் கீறினாலோ செய்தியே உரிந்து போகும். தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளை போல் ஒளி தெரியும். அதற்கு எக்கருவியும் மருந்தாகாது. ஸ்டுடியோக்காரர் எழுதித் தரும் தகடுகளில் செய்தியைத் தாங்குவது ஒரு சாயப்படலம். வெயிலிலும் வெப்பத்திலும் அது கெட்டபின் அடிப்புறத்தைத் தேய்த்து என்ன பயன்?

இனிக் காசுக் கணக்கு. 2007-இல் மோசர் பேயர் நிறுவனம் திரைப்பட வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்றது. அத்தகைய தகட்டைக் காக்க, அதைப்போல் பல மடங்கு விலையில் கருவி வாங்குவது சுமைகூலிக் கதையே.

மறுபடி கிடைக்காத தகடு வேறு. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். மறைந்த கணவர் நடப்பதும் சிரிப்பதும் மகளின் திருமணத் தகட்டில் மட்டுமே உள்ளன. அதற்கு விலை ஏது? விலையில்லாதது என்பதாலேயே, பழகாத கையால் அதன்மீது தேய்ப்புச் சக்கரத்தை ஓட்டக்கூடாது என்கிறேன். அத்தகட்டைத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் துடைத்து, வேறொரு கணினியில் இட்டோம். பந்திக் காட்சிகள் நின்று நின்று ஓடின. பெரியப்பா இருக்கும் பகுதி முழுதும் கிடைத்தது. அன்றே பென்டிரைவில் படியெடுத்துக் கொடுத்தேன்.

ஆகவே என் கருத்து இதுதான். முதலில் கழுவுங்கள். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள்; வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தின் வழியே நீண்டு, கணித முறையையும் தோற்கடித்துவிடும். அடுத்து, வேறொரு டிரைவில் முயலுங்கள். ஒன்று படிக்காததை மற்றொன்று படிப்பதுண்டு. ஓடியவுடன் இரண்டு இடங்களில் படியெடுங்கள். இவையெல்லாம் பலிக்காதபோதே தேய்ப்பைப் பற்றி எண்ணலாம்.

இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் தகடு போடும் டிரைவே இல்லை. ஆதலால் வீட்டுக்கு வீடு தேய்ப்புக் கருவி வாங்குவதைவிட, நம் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் வெளியிலிருந்து இணைக்கும் டி.வி.டி. டிரைவ் ஒன்று இருந்தால் போதும். மாதம் ஒரு சனிக்கிழமை நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சுற்றுவட்டாரத்தாரின் குடும்பத் தகடுகளைப் படியெடுத்துத் தரலாம். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு ஆவன செய்ய வேண்டுகிறேன். நாம் கற்ற அறிவியல் தேர்வுத்தாளோடு முடிந்துவிடாமல், நம்மைப் படிக்க அனுப்பியவர்களின் பீரோ வரை சென்று சேரட்டும்!