அக்காவின் முட்டியும் என் ஓய்வூதியர் அட்டையும்

அக்காவுக்கு 69 வயது. லாயாங்-லாயாங் பக்கத்துத் தோட்டத்தில் பதினைந்து வயதில் பால்மரம் வெட்டப் போனவர். அந்தச் சம்பளத்தில்தான் எனக்குப் பள்ளிச் சீருடை வந்தது. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகி ஓய்வும் பெற்றுவிட்டேன். இன்று அரசு மருத்துவமனையில் என் ஓய்வூதியர் அட்டையை நீட்டினால் சிகிச்சைக்குக் காசு கேட்பதில்லை. என் கணவருக்கும் அப்படித்தான். என்னைப் படிக்க வைத்த அக்காவுக்கு அந்த அட்டை செல்லாது. உடன்பிறந்தவர்களுக்கு அதில் இடமில்லை.

போன ஆண்டு அக்காவின் வலது முட்டி அடியோடு தேய்ந்துவிட்டது. கழிப்பறைக்குப் போகவும் சுவரைப் பிடித்தபடிதான் நடந்தார். அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்றார்கள். நம் மலேசியாவில் அரசு சிகிச்சைக்குக் கட்டணம் குறைவு. கிளினிக்கில் ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. அறுபது வயது கடந்தவர்களுக்கு அந்த ஒரு வெள்ளியும் இல்லை. இதற்காக நான் நாட்டுக்கு நன்றியுள்ளவள். ஆனால் உள்ளே பொருத்தும் செயற்கை முட்டியை நோயாளிதான் வாங்க வேண்டும். எட்டாயிரம் வெள்ளி வரை ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்காவின் மகன் விடியற்காலை நாலு மணிக்குப் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். 2015 முதல் அந்த நாட்டில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி தானாகவே வந்துவிடுகிறது, யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. வேலை அனுமதியில் போகும் நம் பிள்ளைகளுக்கு அது கிடையாது. அவன் சீட்டுப் பணம் எடுக்கிறேன் என்றான். அக்கா தாலிச்சங்கிலியை அடகுக்கடைக்குக் கொண்டுபோகத் துணிந்துவிட்டார்.

அடுத்த தேதிக்குப் போனபோது, வராந்தாவில் அக்காவின் சக்கர நாற்காலியைத் தள்ளி உதவிய ஒரு மலாய்த் தாதிதான் கேட்டார்: “மாக்சிக், பெக்கா சாரிங்கான் (பரிசோதனை) எடுத்துட்டாங்களா?”

நான் விழித்தேன். முப்பத்தைந்து ஆண்டு கற்பித்தவள், பெற்றோர்களுக்கு எத்தனையோ படிவம் நிரப்பிக் கொடுத்தவள். என் கையில் அட்டை இருந்ததால், அட்டை இல்லாதவர்களுக்கு என்ன இருக்கிறது என்று நான் தேடியதே இல்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

பெக்கா பி40 திட்டம் 2019-இல் வந்தது. சுகாதார அமைச்சுக்காக புரொடெக்ட்ஹெல்த் நிறுவனம் நடத்துகிறது. அரசின் எஸ்டிஆர் உதவித்தொகை பெறுபவருக்கும் அவருடைய துணைவருக்கும் நாற்பது வயது நிரம்பியிருந்தால் தகுதி உண்டு. தனியாகப் பதிய வேண்டாம். பதிவு பெற்ற தனியார் கிளினிக்கிலோ அரசு சுகாதாரக் கிளினிக்கிலோ இலவசப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அதை முடித்தவர்களுக்கு, அரசு மருத்துவமனை வழியாக, மருத்துவக் கருவிகளுக்கு ஆயுளுக்கு 20,000 வெள்ளி வரை உதவி கிடைக்கும். இதயத்துக்கு வைக்கும் ஸ்டென்ட், செயற்கை மூட்டு எல்லாம் அதில் அடங்கும். புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவருக்கு 1,000 வெள்ளி. தீபகற்பத்தில் இருப்பவர்களுக்குப் போக்குவரத்துச் செலவு 500 வெள்ளி வரை.

அக்காவுக்கு எஸ்டிஆர் பணம் வருடாவருடம் வங்கியில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பணத்தோடு பெக்காவும் சேர்ந்து வருகிறது என்று அவருக்குத் தெரியாது. விண்ணப்பத்தில் கொடுத்திருந்தது மகனின் பழைய கைப்பேசி எண், அதனால் தகவல் வந்திருந்தாலும் அவருக்கு எட்டியிருக்காது.

பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். இரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கம். இத்தனை ஆண்டும் முட்டி வலிக்கு எண்ணெய் தேய்த்தவருக்கு நீரிழிவு இருப்பதே தெரியாது. சர்க்கரை இறங்கும் வரை கத்தி வைக்க முடியாது என்று மருத்துவர் தள்ளிப்போட்டார். முதல் ஆண்டே அந்தப் பரிசோதனைக்குப் போயிருந்தால் நோய் அப்போதே பிடிபட்டிருக்கலாம். அந்தப் பரிசோதனையை, உதவிப் பணம் வாங்குவதற்கு முன் முடிக்க வேண்டிய சடங்காகத்தான் நான் முதலில் நினைத்தேன். அக்காவின் இரத்த அறிக்கையைக் கையில் வாங்கிய பிறகுதான் புரிந்தது, திட்டத்தில் ஆகப் பெரிய உதவியே அதுதான்.

எனக்கு அரசாங்கத்திடம் கேட்க ஒன்று இருக்கிறது. கருவியின் விலையை எழுதிக் கொடுக்கும் அதே கை, அதே தாளில் பெக்காவையும் எழுதட்டும். மைகாட் எண்ணைத் தட்டினால் தகுதி தெரிந்துவிடும். வெளியே நடக்க முடியாத கிழவி அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. முகப்பிடத்தில் இருப்பவரே தட்டிப் பார்க்கலாம். தோட்டத்து முதியவர்கள் இருக்கும் பகுதிகளில் அதைத் தமிழிலும் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்.

திட்டங்களுக்குக் குறைவில்லை, எல்லாம் எல்லாருக்கும் எட்டுவதில்லை. 2023-இல் மடானி மருத்துவத் திட்டம் பத்து மாவட்டங்களில் தொடங்கியபோது ஜொகூர் பாரு இருந்தது, நான் வசிக்கும் கூலாய் இல்லை. மைசலாம் காப்புறுதி வந்தது, அதற்கு 65 வயது வரம்பு. தனியார் மருத்துவக் காப்புறுதிக்குக் காசு கட்டி வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. தவணைத் தொகை ஏறிய வேகத்தைப் பார்த்து, 2024 டிசம்பரில் பேங்க் நெகாராவே தலையிட்டு, அடிப்படைத் திட்டத்தில் இருக்கும் அறுபது வயது கடந்தவர்களுக்கு உயர்வை ஓராண்டு நிறுத்தி வைத்தது. என் பக்கத்து வீட்டு மாமா அதற்கு முன்பே காப்புறுதியை விட்டுவிட்டார். இப்போது அரசு மருத்துவமனை வரிசையில் அக்காவுக்குப் பின்னால் நிற்கிறார்.

பெக்காவில் இன்னொரு சிக்கலும் உண்டு. மகன் எஸ்டிஆர் வாங்குகிறான், எனக்கும் சேர்த்துத்தான் என்று பல விதவைத் தாய்மார்கள் நினைக்கிறார்கள். மகனும் மருமகளும்தான் அந்தக் கணக்கில் வருவார்கள். துணையில்லாத முதியவர் தன் பெயரில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் அம்மா இருப்பவர்கள் இதை இன்றே பாருங்கள்.

போன வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில், பூசை முடிந்ததும், என் கைப்பேசியில் ஒன்பது பேரின் ஐசி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். நான்கு பேருக்குத் தகுதி இருந்தது. நால்வரில் ஒருவரும் பரிசோதனைக்குப் போனதில்லை. செவ்வாய்க்கிழமை காலை, வெறும் வயிற்றோடு, இருவரை என் காரில் அழைத்துப் போகிறேன். அக்காவும் வருகிறேன் என்கிறார், வழி சொல்ல.